ஐம்பது தாண்டியும் மாதவிலக்கு நிற்கவில்லையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஐம்பத்து மூன்று வயதிலும் மாதாமாதம் வருகிறது என்று ஒரு அக்காவோ சித்தியோ சொன்னால் நம் ஊரில் இரண்டே பதில்தான். ஒன்று, "உடம்பு தெம்பா இருக்கு, நல்லதுதானே". இல்லையென்றால், "பேசாம கர்ப்பப்பையை எடுத்துடு". இரண்டுமே அவசரப் பேச்சு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. 55ஐத் தாண்டியும் தொடர்ந்தால்தான் பொதுவாக அதைத் தாமதம் என்கிறார்கள். அம்மாவுக்குத் தாமதமாக நின்றிருந்தால் மகளுக்கும் அப்படி ஆகலாம். அதனால் வயதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். எப்படி வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பெரிய தவறே இங்கேதான் நடக்கிறது. "நிக்கிற நேரம், அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். நிற்கப்போகும் காலத்தில் சுழற்சி தள்ளிப்போவது சகஜம். ஆனால் மணிக்கொரு நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, பத்து நாளுக்கு மேல் நீள்வது, இடையிடையே திட்டுத் திட்டாகப் படுவது, உறவுக்குப் பின் ரத்தம் வருவது, இதெல்லாம் சகஜம் இல்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "விட்டது திரும்ப வந்திருக்கு" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அப்படி ரத்தம் படும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கிறது, மீதிப் பேருக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், ஆனால் நாம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தெரியாது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் நன்றாகக் குணமாகிற புற்றுநோய் அது.

உடல் எடை அதிகம், சர்க்கரை நோய், இளவயதில் பிசிஓஎஸ் என்கிற கருமுட்டைப் பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இதில் ஏதாவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கருமுட்டை சரியாக வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மட்டும் வேலை செய்து உட்சுவரைத் தடிக்க வைக்கிறது, கொழுப்புத் திசுவும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது.

"பாப் ஸ்மியர் எடுத்தேன், எல்லாம் நார்மல்" என்று நிம்மதியாகிவிடுவது இன்னொரு தவறு. அது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. உட்சுவரைப் பார்க்க ஸ்கேன் வேண்டும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் (கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது). ஸ்கேன் ரிப்போர்ட்டில் உட்சுவர் தடிப்பு 10 மி.மீ. என்று இருப்பதைப் பார்த்து, நெட்டில் 4 மி.மீ.தான் அளவு என்று படித்து அழுகிறவர்களும் உண்டு. அந்த 4 மி.மீ. கணக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறவர்களுக்கானது. இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு மாதத்தின் எந்த நாளில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறதே, ஐம்பது வயதில் அதை நிறுத்திவிடுங்கள். எது இயல்பான ரத்தப்போக்கு, எது மாத்திரையால் வந்தது என்று மருத்துவருக்கே குழம்பும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் ஆபத்தும்கூட.

அப்புறம் அறுவை சிகிச்சை. அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் வழியும் இருக்கிறது. அவசியமில்லாமல் கர்ப்பப்பையை எடுக்காதீர்கள், எடுத்தே ஆக வேண்டும் என்றால் கருமுட்டைப் பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறீர்களா, ஏன் என்று கேளுங்கள். தாமதமாக நிற்பவர்களுக்கு எலும்பு தேய்வதும் இதய நோயும் பொதுவாகக் குறைவு, அந்தப் பாதுகாப்பைக் கொடுப்பது கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான். அதற்காக பிபி, சுகர் பார்க்காமல் இருந்துவிடலாம் என்றும் இல்லை.

மார்பகத்துக்கு இதே ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு வருடம் தள்ளி நிற்கும்போதும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம் கூடுகிறது. ஒருவருக்கு என்று பார்த்தால் சின்ன உயர்வுதான், பயந்து நடுங்க வேண்டாம், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கேட்டு அதன்படி எடுத்துக்கொண்டால் போதும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? வயசாயிடுச்சு என்று சொல்லிக்கொள்ளாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். முப்பத்தைந்து, நாற்பது வருடம் ரத்தம் போன உடம்பு அது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்று. மாதவிலக்கு வருகிறவரை கர்ப்பமாகும் வாய்ப்பு குறைவே தவிர இல்லாமல் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் நின்றால் அடுத்த ஒரு வருடம், ஐம்பதுக்குள் நின்றால் இரண்டு வருடம் கருத்தடையைத் தொடர வேண்டும்.