ஐம்பது காசும் ஒரு மங்கும்: மறைக்கும் வித்தையின் முதல் பாடம்

பொருள்களை மறைத்துக் காட்டும் கலைக்குத் தமிழில் செப்படி வித்தை என்ற பழைய பெயர் இருக்கிறது. செப்பு என்பது சிறு கிண்ணம். கவிழ்த்த கிண்ணங்களுக்கு அடியில் உருண்டைகளை வரவழைத்தும் போக்கியும் காட்டிய தெருக்கலைஞர்களின் வித்தை அது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எனக்குச் செப்பாக வாய்த்தது, ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்க மாட்டும் சிறு கிண்ணமான மங்கு. மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகும் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பீங்கான் மங்கு மிஞ்சிக் கிடந்தது. இந்தப் பாடத்துக்கு அதுவும் மூன்று காசுகளும் போதும். மங்கு இல்லாதவர்கள் பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வேண்டாம்; காசு விழும் ஓசை இங்கே மிக முக்கியம்.

முதலில் காசைத் தேர்ந்தெடுங்கள். 2012-இல் வெளிவந்த மஞ்சள் நிற மலேசிய 50 காசின் விட்டம் 22.65 மில்லிமீட்டர்; அதற்கு முந்திய வெள்ளை நிறக் காசோ 27.75 மில்லிமீட்டர். வளர்ந்தவர்களின் விரல்களுக்குப் பெரிய காசே நன்றாகப் பிடிகொடுக்கும் என்பதால், அலமாரியில் பழைய காசு மூன்று கிடந்தால் அவற்றையே எடுங்கள். சிறுவர்களுக்குப் புதிய காசு போதும்.

அடுத்தது பதுக்கல். வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் அடிக்கணுவுக்கும் நடுக்கணுவுக்கும் இடையே காசைப் படுக்கவைத்து, அந்த விரல்களைச் சற்றே மடக்குங்கள். கையைக் கவிழ்த்தாலும் காசு விழக்கூடாது. அதே வேளையில், தொங்கவிட்ட கை எப்படி இயல்பாக வளைந்திருக்குமோ அப்படியே தோன்றவும் வேண்டும். கட்டைவிரல் விறைத்து நின்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கண்ணாடி முன் நின்று பழகுவதைவிட, காசைப் பதுக்கிக்கொண்டே கதவைத் திறப்பது, நாற்காலியை இழுப்பது, தே குடிப்பது என்று அன்றாட வேலைகளைச் செய்வது மேல். கையில் காசு இருப்பதை நீங்களே மறந்துபோகும் நாளில் இந்தப் படி முடிந்தது என்று கொள்ளலாம்.

மூன்றாவது படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பொய்யாகக் கொடுக்கப் பழகுவதற்கு முன் உண்மையாகவே கொடுத்துப் பார்க்க வேண்டும். வலக்கையால் காசை எடுத்து, இடது உள்ளங்கையில் வைத்து, இடக்கையை மூடுங்கள். இருபது முறை செய்து, அதைக் கைப்பேசியில் படம்பிடித்து நிதானமாகப் பாருங்கள். வலக்கை விலக விலகத்தான் இடது விரல்கள் மூடுகின்றன என்பதையும், காசை வாங்கிய கை இறுக முட்டி கட்டாமல் உள்ளே கொஞ்சம் இடம் விட்டே மூடுகிறது என்பதையும், உங்கள் கண் தானாகவே இடக்கையைப் பின்தொடர்கிறது என்பதையும் அப்போதுதான் கவனிப்பீர்கள். நான்காவது படியில் செய்ய வேண்டியதெல்லாம் இதே அசைவுதான். ஒரே வேறுபாடு, வலக்கை கவிழும்போது காசு விரல்களிலேயே தங்கிவிடுகிறது. விரல் நுனிகள் இடது உள்ளங்கையைத் தொட வேண்டும், இடக்கை, இல்லாத காசை வாங்குவதுபோல் மூட வேண்டும், வலக்கை அவசரமில்லாமல் மடிக்குத் திரும்ப வேண்டும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வித்தையின் பாதி அங்கேதான் நடக்கிறது. குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வித்தைக்காரர் ஒரு பந்தை இரண்டு முறை உண்மையாகவே மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாவது முறை கையை மட்டும் வீசிவிட்டுப் பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். வீசும்போது அவர் மேலே அண்ணாந்து பார்த்தால், பார்த்தவர்களில் 68 விழுக்காட்டினர் பந்து மேலே பறந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் பார்வை கையிலேயே நின்றபோது அந்த எண்ணிக்கை 32 விழுக்காடாக இறங்கியது. எறியப்படாத பந்து பறப்பதைக் கண்டவர்கள் அவர்கள்! ஆகவே காசு உண்மையில் இருக்கும் கையை எட்டிப் பார்க்காதீர்கள். போனதாக நீங்கள் சொல்லும் கையைப் பாருங்கள்.

இனி முழு வித்தையையும் கோக்கலாம். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மங்கை இடப்பக்கமும் மூன்று காசுகளை வலப்பக்கமும் வையுங்கள். முதல் காசை எடுத்து இடக்கையில் உண்மையாகவே கொடுத்து, இடக்கையை மங்கின் மேல் கொண்டுபோய்க் காசை உள்ளே விழவிடுங்கள். ‘கிணுங்’ என்று கேட்கும். இரண்டாவதையும் அப்படியே செய்யுங்கள். பார்ப்பவர்களின் காது அந்த ஓசைக்குப் பழகிவிடும். மூன்றாவது காசைக் கொடுப்பதுபோல் மட்டும் காட்டி, முன்னிரண்டு முறையும் நகர்ந்த அதே வேகத்தில் இடக்கையை மங்கின் மேல் கொண்டுபோய், விரல்களை ஒவ்வொன்றாகத் திறங்கள். ஓசை வராது. எல்லாரும் கழுத்தை நீட்டி மங்குக்குள் எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே இரண்டு காசுகள்தான் இருக்கும். அவர்கள் எட்டிப் பார்க்கும் அந்த நொடியில் உங்கள் வலக்கையைப் பார்க்க யாரும் இல்லை; பதுக்கிய காசைக் கைலி மடியில் நழுவவிடுங்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்று உதவலாம். தீபாவளி இரவில், லயத்து வாசலில் இதை முதன்முதலாகச் செய்தபோது, எல்லாம் ஒழுங்காக நடந்த மகிழ்ச்சியில், காசு பதுங்கியிருந்த வலக்கையாலேயே மங்கைத் தூக்கிக் காட்டிவிட்டேன். காசு பீங்கானில் உரசி ‘கிணுங்’ என்றது. என் வலது முழங்காலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன், “அண்ணே, மூணாவது காசு இப்பத்தான் விழுது” என்றான். அவனை அந்த இடத்தில் உட்காரவிட்டதே தவறுதான். வலப்பக்கத்திலும் தாழ்வாகவும் இருக்கும் கண்களுக்கு விரலிடுக்கு தெரியும். பார்ப்பவர்களை எதிரே உட்காரவையுங்கள், மங்கை எப்போதும் இடக்கையால் தூக்குங்கள்.

பெரிய மேடைகளிலும் கோணத்துக்கு இதே மரியாதைதான். 1865-இல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் கர்னல் ஸ்டோடேர் ஒரு மேசைமேல் உடலில்லாத தலையைப் பேசவைத்தார். மேசைக் கால்களுக்கு இடையே சாய்வாகப் பொருத்திய கண்ணாடிகள் பக்கத்துத் திரையைப் பிரதிபலித்ததால், பின்திரையே தெரிவதாக நினைத்த மக்களுக்கு அங்கே உட்கார்ந்திருந்தவரின் உடல் மறைந்துபோயிற்று. ஓரத்திலிருந்து பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

யாராவது “இன்னொரு தடவை செய்” என்று கேட்பார்கள். செய்யாதீர்கள், இரண்டாம் முறை அவர்கள் வலக்கையைத்தான் பார்ப்பார்கள். இரு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். ஆனால் மடியில் காசு இருப்பதை மறந்து சட்டென்று எழுந்துவிட வேண்டாம்.