மெத்தில் லாக்டேட் விளைச்சல் திடீரெனப் பாதியானால்

டின்-பீட்டா ஜியோலைட் (வெள்ளீயம் பொதிந்த நுண்துளைத் திட வினையூக்கி) கொண்டு, மெத்தனாலில் சர்க்கரையை மெத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் எஸ்டர்) ஆக்கும்போது, அதே வினையூக்கி, அதே 160 டிகிரி, ஆனால் விளைச்சல் மட்டும் சரிகிறதா? வினையூக்கியைத் திட்டுவதற்கு முன் காரத்தின் (alkali) அளவைப் பாருங்கள். வினை நடக்கும் பழைய எஃகுக் கலத்தின் சுவரிலோ கண்ணாடியிலோ ஒட்டியிருந்த பொட்டாசியம், சோடியம்தான் இத்தனை நாள் வேலையைக் காப்பாற்றியிருக்கும். கலத்தை அமிலத்தில் கழுவி டெஃப்லான் உறை போட்டால் அது போய்விடும். காரம் இல்லாவிட்டால் சர்க்கரையில் பெரும்பங்கு லாக்டேட் ஆகாமல் வேறு பொருள்களாகப் போய்விடும்.

எனக்குக் கைகொடுத்த அளவு: சுக்ரோஸ் 450 மி.கி., வினையூக்கி 150 மி.கி., மெத்தனால் 15 கிராம், 20 மணி நேரம். தேவையான பொட்டாசியம் கார்பனேட் அரை மில்லிகிராம்கூட இல்லை. தராசில் நிறுக்க முடியாது. அதனால் ஒரு லிட்டர் மெத்தனாலில் 18 மி.கி. கரைத்து, அதையே கரைப்பானாக ஊற்றுகிறேன். கொஞ்சம் கூடினாலும் வம்புதான், விளைச்சல் மறுபடி இறங்கும்.

கலத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். இந்த வெப்பத்தில் மெத்தனால் ஆவி 15 பாரைத் தாண்டும்.

வினையூக்கி பழுப்பேறினால் கரிப்படிவு. மெத்தனாலில் கழுவி, நன்றாக உலர்த்தி (ஈரத்தோடு உலையில் வைத்தால் தீப்பிடிக்கும்), காற்றோட்டத்தில் 550 டிகிரியில் 6 மணி நேரம் சுட்டால் வெள்ளையாகிவிடும். சுட்டபின்னும் பொட்டாசியம் அதிலேயே தங்கும். ஆகவே அடுத்த ஓட்டத்துக்குக் காரம் சேர்க்காத மெத்தனாலில் தொடங்கி, விளைச்சலைப் பார்த்துக் காரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெத்தனாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் நேரே லாக்டிக் அமிலம் கிடைக்கும், ஆனால் விளைச்சல் வெகு குறைவு.