அலுவலகத்தில் புகைத் தடை: பலகை முதல் புகார் வரை

2008 அக்டோபர் 2 முதல் இந்தியாவில் வேலை செய்யும் இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்யும் கோட்பா சட்டத்தின் (புகையிலைப் பொருட்கள் கட்டுப்பாட்டுச் சட்டம்) 4-ஆம் பிரிவு நாலு பேர் உட்காரும் ஆபீசுக்கும் பொருந்தும். பொறுப்பு உரிமையாளர் அல்லது மேலாளருடையது.

1. பலகை வையுங்கள். குறைந்தது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், வெள்ளைப் பின்னணி. அதில் 15 செ.மீ.க்குக் குறையாத விட்டத்தில் வட்டம், குறைந்தது 3 செ.மீ. தடிமனில் சிவப்பு வளையம். நடுவில் புகையும் சிகரெட் அல்லது பீடி, குறுக்கே அதே தடிமனில் சிவப்புப் பட்டை. ‘புகைபிடிக்கக் கூடாத இடம், இங்கே புகைபிடிப்பது குற்றம்’ என்ற வாசகமும் வேண்டும். பலரும் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளின் நீளமே 29.7 செ.மீ.தான், செல்லாது. ஒவ்வொரு நுழைவாயில், மாடி, படிக்கட்டு, லிஃப்ட் வாசலிலும் பலகை இருக்கட்டும்.

2. புகாரை யாரிடம் சொல்வது என்று பலகையில் பெயர் எழுதுங்கள். அந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆள் மாறினால் பெயரையும் அன்றே மாற்றுங்கள்.

3. ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கக் கூடாது. மேல்தட்டில் மணல் நிரப்பிய குப்பைத்தொட்டியும் ஆஷ்டிரேதான். பூந்தொட்டியிலும் படிக்கட்டு மூலையிலும் சிகரெட், பீடித் துண்டுகள் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அடுத்த பலகை அங்கேதான்.

4. ‘ஸ்மோக்கிங் ரூம்’ கட்டாதீர்கள். விமான நிலையம், 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த அனுமதி. அங்கும் கூரைவரை சுவர், தானே மூடும் கதவு, புகையை நேராக வெளியே தள்ளும் விசிறி கட்டாயம். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுழற்றுகிறது, புகையை வெளியேற்றாது. சென்ட்ரல் ஏசியோ அதைக் குழாய் வழியே அடுத்த அறைக்கும் அனுப்பும். பக்கத்து மேசையில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் அதே காற்று.

5. புகார் வந்தால் அன்றே நடவடிக்கை எடுங்கள். கோட்பா சட்டப்படி புகைபிடித்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். நிர்வாகம் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை குற்றமோ அத்தனைக்கும் நிர்வாகம் கட்ட வேண்டியிருக்கும். தேதி, இடம், எடுத்த நடவடிக்கை மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள்.

6. இ-சிகரெட்டை விதிவிலக்காக நினைக்க வேண்டாம். 2019 சட்டப்படி அதை விற்பதும் இருப்பு வைப்பதும் குற்றம்.

புகைப்பதை விட நினைக்கும் ஊழியருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள். பேச அரை மணி நேரம் அனுமதியும் கொடுங்கள்.