அமெரிக்காவுல கவர்ன்மென்ட் காசுல வீடு ரிப்பேர்: எதுக்கெல்லாம் குடுப்பாங்க, எப்படிக் கேக்கணும்

சொந்த வீடு இருக்கு ஆனா வருமானம் கம்மி, கூரை ஒழுகுது, ஹீட்டர் மக்கர் பண்ணுது, இந்த நிலைமையில நம்மாளுங்க நிறைய பேர் கிரெடிட் கார்டைத் தேய்ச்சு வேலை பாக்குறாங்க, சிட்டியிலயோ கவுன்ட்டியிலயோ ஹவுசிங் ரிஹாப் ப்ரோக்ராம்னு, அதாவது வீடு ரிப்பேருக்கு உதவுற திட்டம்னு ஒண்ணு இருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேக்குறதே இல்ல. காசு பெரும்பாலும் ஃபெடரல் வீட்டுவசதித் துறையான ஹட் (HUD) டிபார்ட்மென்ட்டோட சிடிபிஜி (CDBG), ஹோம் (HOME)ங்கிற ஃபண்ட்ல இருந்து வரும். பொதுவா குடும்ப வருமானம் அந்த ஏரியா மீடியன் வருமானத்துல (நடு மட்டக் குடும்பத்தோட வருமானம்) 80 சதவீதத்துக்குள்ள இருக்கணும், வீடு உங்க பேர்ல இருந்து நீங்களே குடியிருக்கணும். இந்த வருமான உச்சவரம்பு ஊருக்கு ஊர் மாறும்.

எந்த வேலை தேறும்னு பாக்க ஒரே கேள்விதான். இதைச் சரி பண்ணலன்னா யாருக்காவது ஆபத்தா, இல்ல வீடு இன்னும் கெட்டுப்போகுமா? ஆமான்னா கேட்டுப் பாருங்க. கூரை, ஃபவுண்டேஷன், ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், பழைய வயரிங், சூவர் லைன், செப்டிக், மக்கிப்போன படிக்கட்டு, காத்து புகுற ஜன்னல், இன்சுலேஷன், ஸ்மோக் டிடெக்டர் எல்லாம் வழக்கமா இதுக்குள்ள வரும். வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க இருந்தா ராம்ப், பாத்ரூம் கைப்பிடி, வீல்சேர் போற அளவுக்கு அகலமான கதவு, தடுப்பு இல்லாத ஷவர் இதையும் பல ஊர்ல செய்றாங்க. அம்மா அப்பா கூட இருக்கிறவங்க தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா அதுக்கப்புறம் அவங்க எழுந்து நடக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும்.

தேறாதது: ஸ்விம்மிங் பூல், ஹாட் டப், தோட்ட வேலை, அழகுக்காக மாத்துற டைல்ஸ், கிரானைட். ஆனா கிச்சன்னாலே கிடையாதுன்னு நினைச்சுடாதீங்க, சிங்க்குக்கு அடியில பைப் கசிஞ்சு கேபினட் ஊறி, கால் வச்சா தரை அமுங்குதுன்னா அது ரிப்பேர் கணக்கு, அந்தக் கேபினட்டும் தரையும் பைப்போட சேர்ந்து லிஸ்ட்ல ஏறலாம்.

1978க்கு முன்னாடி கட்டின வீடா இருந்தா லெட் பெயின்ட் (ஈயம் கலந்த பழைய பெயின்ட்) விஷயம் வரும். ஜன்னலைத் தூக்கி இறக்கும்போது உரசி உரசி கீழ சட்டத்துல பொடியா படியுமே, கைக்குழந்தைங்க கை வைக்கிற இடம் அதுதான். ஃபெடரல் ரிஹாப் உதவி 5,000 டாலரைத் தாண்டினா ரிஸ்க் அசெஸ்மென்ட் பண்ணி அபாயத்தைக் கட்டுப்படுத்தணும், 25,000 டாலரைத் தாண்டினா அந்த அபாயத்தை நிரந்தரமாவே ஒழிக்கணும்னு விதி. இதனால வேலை இழுக்கும், சில நாள் வீட்டை விட்டு வெளிய தங்கவும் சொல்லலாம், குழந்தைங்க இருக்கிற வீட்டுல இதுக்கு முகம் சுளிக்காதீங்க.

ப்ரோக்ராம்ல இருந்து வீட்டைப் பாக்க இன்ஸ்பெக்டர் வர்ற நாள்தான் ரொம்ப முக்கியம். யாராவது வர்றாங்கன்னா கறை மேல காலண்டர் மாட்டுறது, ஒழுகுற இடத்துல வச்ச பக்கெட்டை ஒளிச்சு வைக்கிறது நம்ம பழக்கம், அன்னிக்கு மட்டும் அதைச் செய்யாதீங்க. பக்கெட் இருந்த இடத்துலயே இருக்கட்டும். அடிக்கடி ட்ரிப் ஆகுற பிரேக்கர் எது, சூடாகுற பிளக் பாயின்ட் எது, மழை பெய்யும்போது எடுத்த வீடியோ எல்லாத்தையும் காட்டுங்க, ஏன்னா அவர் எழுதுற வொர்க் ரைட்டப்ல (செய்ய வேண்டிய வேலைங்களோட லிஸ்ட்) இருக்கிற வேலைக்குத்தான் கான்ட்ராக்டர்கிட்ட பிட், அதாவது எவ்ளோ ஆகும்னு விலை கேப்பாங்க, விட்டுப்போனதை நடுவுல சேக்கிறது பெரிய தலைவலி.

இன்னொண்ணு, அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிக்காதீங்க, அட்வான்ஸும் குடுக்காதீங்க. ஃபெடரல் காசுன்னா முதல்ல சுற்றுச்சூழல் ரிவ்யூ முடியணும், நீங்களா செஞ்ச வேலைக்குப் பின்னாடி பில் காட்டி வாங்க முடியாது. அவசரத்துக்கு ஒழுகலை நிறுத்தணும்னா என்ன செய்யலாம்னு ஆஃபீஸ்லயே கேட்டுக்கோங்க.

வர்ற காசு முழுசா இனாமா இருக்கணும்னு இல்ல. பல இடத்துல ஃபர்கிவபிள் லோன் (சொன்ன வருஷம் இருந்தா தள்ளுபடி ஆகுறது), டிஃபர்டு லோன் (இப்போ கட்டாம பின்னாடி கட்டுறது)னு குடுத்து வீட்டு மேல லீன், அதாவது கடனுக்கான பிடிமானம் போடுவாங்க, சொன்ன வருஷத்துக்குள்ள வித்தா திருப்பிக் கட்டணும், அதனால எத்தனை வருஷம், ரீஃபைனான்ஸ் பண்ணா என்ன ஆகும், பிள்ளைங்க பேருக்கு மாத்தினா என்ன ஆகும்னு கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. கிராமப்புறத்துல இருக்கிறவங்க ஃபெடரல் விவசாயத் துறையான யூஎஸ்டிஏவோட (USDA) செக்‌ஷன் 504ங்கிற வீடு ரிப்பேர் திட்டத்தைப் பாருங்க. வருமானம் ரொம்பக் கம்மியா இருக்கணும், 40,000 டாலர் வரைக்கும் 1 சதவீத வட்டியில 20 வருஷ லோன், அதைத் திருப்பிக் கட்ட முடியாத 62 வயசு ஆனவங்களுக்கு 10,000 டாலர் வரைக்கும் கிராண்ட். கிராண்ட் ஆபத்தை நீக்குற வேலைக்கு மட்டும்தான், 3 வருஷத்துக்குள்ள வீட்டை வித்தா திருப்பித் தரணும்.

வேலை முடிஞ்சதும் கான்ட்ராக்டர் கையெழுத்துக் கேப்பார். ஷவரைத் திறந்து விட்டு கீழ கசியுதான்னு பாத்து, எல்லா ஸ்விட்சும் போட்டுப் பாத்து, ரைட்டப்பைக் கையில வச்சு வரி வரியா டிக் பண்ணுங்க. சப்ளையருக்குப் பாக்கி எதுவும் இல்ல, வீட்டு மேல லீன் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுக்குற லீன் வெய்வரும் கைக்கு வந்தப்புறம் கடைசி பேமென்ட்டுக்குக் கையெழுத்துப் போடுங்க.