மார்கழி, தையில் மலையகம்: எந்தப் பக்கம், எத்தனை நாள்?

லண்டன், டொரொன்டோ குளிரிலிருந்து தப்ப டிசம்பரில் இலங்கைக்கு டிக்கெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையை நினைத்துத்தான் போடுகிறார்கள். தேயிலை மலைகள் நிறைந்த மலையகத்தை நடுவில் இரண்டு மூன்று நாளுக்குச் செருகிவிடுவார்கள். கண்டி, நுவரெலியா, எல்ல என மூன்று ஊரை மூன்று இரவில் முடித்தால் பாதி நேரம் வேனுக்குள் போய்விடும். வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுத்ததுதான் ஞாபகத்தில் நிற்கும். ஓய்வு வேண்டுமென்றால் ஒரே ஊரில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். எந்த ஊர் என்பதை நீங்கள் போகும் மாதத்தை வைத்து முடிவெடுங்கள்.

மலையகத்துக்கு இரண்டு முகம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் மேற்கு முகம். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை கிழக்கு முகம். இரண்டுக்கும் நடுவில், பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையே, ரயில் பாதையின் உச்சியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. மூட்டத்தோடு ஒரு பக்கம் நுழைந்த ரயில் மறுபக்கம் வெயிலில் வெளியே வருவது அங்கே சாதாரணம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது காய்ந்த குளிர்காற்றாகிவிடும். தேயிலையைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். மேற்கு முகத்துத் திம்புள்ள, நுவரெலியா பக்கத்துத் தேயிலைக்கு வாசனை ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்கு முகத்து ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. இரண்டு இடத்திலும் வாசனையைக் கொடுப்பது அந்தக் காய்ந்த காற்றுத்தான்.

ஆகவே டிசம்பரில் மட்டும்தான் லீவு கிடைக்குமென்றால் ஹட்டன், நுவரெலியா பக்கம் தங்குங்கள். அப்போதும் மழைக்கு ஒரு நாளை விட்டுவைக்க வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மேற்குப் பக்கம் மிக அருமையாக இருக்கும். எல்லவும் அப்புத்தளையும்தான் வேண்டுமென்று நிற்பவர்கள் பெப்ரவரி பிற்பகுதிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. கிறிஸ்மஸிலிருந்து புதுவருடம் வரை அறை வாடகை ஏறும். தைப்பொங்கல் முடிந்த கிழமைகளில் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

மழையை இங்கே இலேசாக எடுக்கக்கூடாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களை மண்ணுக்குள் புதைத்தது. ரயில் பாதையையும் உடைத்தது. அதனால் அறைக்குப் பணம் கட்டுமுன், நீங்கள் போகும் பகுதியில் ரயில் ஓடுகிறதா, ரோட்டுத் திறந்திருக்கிறதா என்று தங்குமிடக்காரரிடமே கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலையில் வெளியிடும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருப்பது, சிவப்பு என்றால் வெளியேறுவது. செம்மஞ்சள் வந்த பிரதேசத்துக்குப் பயணம் புறப்படவே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்பியூலன்ஸ் 1990.

அறை பிடிக்கும்போது படத்தை மட்டும் பார்த்துக் காசு அனுப்பாமல் நேரே போன் எடுத்துப் பேசுங்கள். முதல் கேள்வி: அறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மேட்டை வெட்டி, அந்த மண்சுவரோடு ஒட்டிக் கட்டிய அறை மழைக்கு ஆபத்து. மழையில்லாத நாளிலும் அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், போர்வை எப்போதும் நமுத்தே இருக்கும். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் உள்ள அறையைக் கேளுங்கள். இரண்டாவது, சுடுதண்ணி. தண்ணி ஓட ஓடச் சூடாக்கும் சின்ன ஹீட்டர் மலைத் தண்ணியின் குளிருக்கு ஈடுகொடுக்காது; பைப்பை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்போடு நின்றுவிடும். பாதி திறந்தால் சூடு ஏறும். தொட்டியுள்ள கீசரென்றால் ஒருவர் குளித்த பின் அடுத்தவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூன்றாவது, கடைசி ஒரு கிலோமீற்றர் எப்படி? தோட்டத்து ரோட்டாக இருந்தால் தாழ்ந்த கார் ஏறாது. ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குளிருக்காக யாராவது கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் ஏற்காதீர்கள். மூடிய அறையில் கார்பன் மொனொக்சைட் மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

குளிர் எவ்வளவு இருக்கும்? 100 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை குறையும் என்று கணக்கு வையுங்கள். கொழும்பில் 30 பாகை என்றால் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் பகலில் 20க்குக் கிட்ட, இரவில் 10 அல்லது அதற்கும் கீழே. 1,041 மீற்றரிலுள்ள எல்லவில் ஒரு சுவெட்டர் போதும். தை மாதத்தில் வானம் தெளிந்து நட்சத்திரம் நிறையத் தெரிகிற இரவுதான் கடுங்குளிர் இரவு. மூட்டம் இல்லாததால் நிலத்தின் சூடு மேலே போய்விடும். மறுநாள் விடியும்போது அம்பேவல பக்கத்துப் புல் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். வெயில் ஏறினால், உறைபனி பட்ட கொழுந்து தீய்ந்ததுபோல் கருகிக் கிடக்கும். ஒரு தடித்த ஜக்கெட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு அடுக்கிப் போடுவது வசதி. பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். குல்லா, இரண்டு சோடி சொக்ஸ், மழைக்கோட்டு, சூரியக் கிறீம் எல்லாம் வேண்டும். குளிர்கிறதே என்று கிறீம் பூசாதவர்களுக்குத்தான் மூக்குத் தோல் உரியும். வீடெடுத்துச் சமைப்பவர்களுக்கு ஒன்று: நுவரெலியாவில் தண்ணி 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமெடுக்கும், குக்கர் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

ரயில் ஆசன முன்பதிவு பயணத்துக்கு 30 நாளுக்கு முன் திறக்கும். திறந்த சில நிமிடத்தில் முடிந்தும் விடும். கடவுச்சீட்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு இருங்கள். கிடைக்காவிட்டால் அதிக விலைக்கு விற்பவர்களிடம் மாட்டாமல், நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரையான துண்டுக்கு மட்டும் முன்பதிவில்லாத டிக்கெட் எடுங்கள். நல்ல காட்சி அந்தத் துண்டில்தான், 1,891 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொல நிலையமும் அதில்தான் வரும். கண்டிக்குள் போய்த் திரும்பும் ரயிலில் திசை மாறும். முன்னோக்கிய ஆசனம் பின்னோக்கியதாகிவிடும், குழம்ப வேண்டாம். நுவரெலியாவுக்கு நிலையம் கிடையாது, நானுஓயாவில் இறங்கி ஏறக்குறைய 8 கிலோமீற்றர் போக வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு வேலை போதும். ஹோர்டன் சமவெளிக்கென்றால் வாயில் திறக்கும் 6 மணிக்கே நில்லுங்கள்; ஒன்பதரை, பத்துக்குள் அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் மூட்டம் ஏறி வெள்ளைச் சுவர் மட்டுமே தெரியும். சுற்றுப்பாதை 9 கிலோமீற்றர் அளவு. சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை. நல்லதண்ணி வழியாக 5,000க்கு மேற்பட்ட படி. அதிகாலை இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலுக்கு மேலே இருக்கலாம். போயாவும் வார இறுதியும் வேண்டாம், படியிலேயே வரிசையில் நின்று விடிந்துவிடும். காய்ந்த சேர்ட் ஒன்றைப் பையில் வையுங்கள். வியர்வையில் நனைந்த சேர்ட்டோடு உச்சிக் காற்றில் நின்றால் பல்லுக் கிட்டித்துவிடும்.

ஈரப் புல்லில் அட்டை இருக்கும். சொக்ஸுக்குள் காற்சட்டையைச் செருகி, சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல் உப்பு வையுங்கள், தானே விழும். இரத்தம் உறையாமல் செய்யும் ஒன்றை அது விட்டுவிட்டுப் போவதால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

தோட்டத்துக்குள் நடக்கும்போது ஒரு விஷயம், மலையகத்து ஆட்களான எங்களுக்கு இது பெரிய விஷயம். கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கு அது வேலை நேரம். நாள் முடிவில் கிலோக் கணக்குப் பார்ப்பார்கள். கேட்காமல் படமெடுக்காதீர்கள், கூடையைக் கேட்டு வாங்கிச் சோடிக்காதீர்கள். லயம் என்பது குடும்பங்கள் வாழும் வீடு, கூப்பிட்டால் மட்டும் போங்கள். கூப்பிட்டுவிட்டால் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் வந்தே தீரும். வேண்டாமென்று சொல்லிவிடாமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. றம்பொடை வளைவில் ஒரு லொறி பழுதாகி நின்றாலே ஏழாகும். இறக்கத்தில் சாரதி சின்னக் கியரில் போகிறாரா என்று பாருங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, எரிந்த நாற்றம் வரும். வந்தால் உடனே ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, அரைமணி நேரம் ஆறவிட்டுப் புறப்படுங்கள்.