கவுண்டி தேர்தலில் நிற்கப்போகிறீர்களா? வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நம் ஊர் மாவட்டம் மாதிரியான லவுடன் கவுண்டியில், 2023 நவம்பரில் கவுண்டி அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. அப்போது பதவியில் இருந்த பூட்டா பிபெராஜை பாப் ஆண்டர்சன் தோற்கடித்தார். பதிவானவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். வித்தியாசம் ஏறத்தாழ 300. ஆஷ்பர்னில் நெருக்கமாக வீடுகள் கட்டியிருக்கும் ஒரு பகுதியில் நாலைந்து தெருக்களை எடுத்துக்கொண்டால் அந்த 300 வாக்கு அங்கேயே இருக்கும்.

அடுத்த முறை 2027 நவம்பர் 2. போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் என்கிற கவுண்டி மன்றத்தின் 9 இடங்களுக்கும் (எட்டுத் தொகுதிகள், கவுண்டி முழுவதற்கும் சேர்த்து ஒரு தலைவர்), ஷெரிப் என்கிற காவல் தலைவர், பொருளாளர் போன்ற பதவிகளுக்கும் அன்றுதான் வாக்கெடுப்பு. நம்மவர்கள் சிலர் நிற்க வேண்டும் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. இரண்டு பிரசாரங்களில் வாலண்டியராக வேலை செய்திருக்கிறேன், இரண்டிலும் நல்ல மனிதர்கள் நின்றார்கள். நாங்கள் சறுக்கியதெல்லாம் சின்ன விஷயங்களில்தான். அதனால் அவற்றையே எழுதுகிறேன்.

கையெழுத்துத் தாள்

கட்சி உட்தேர்தலில் நின்றாலும் சரி, சுயேச்சையாக நின்றாலும் சரி, உங்கள் தொகுதியில் பதிவு செய்த 125 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். தேர்தல் நடக்கும் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் வாங்கிய கையெழுத்து செல்லாது. 125 என்றதும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: “பொங்கல் விழாவுக்கு ஐந்நூறு பேர் வருவாங்க, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, தாளையும் நாலு பேனாவையும் வைத்தோம். சாயங்காலத்துக்குள் 140 கையெழுத்து வந்துவிட்டது. இரவு வீட்டில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் அறுபதுகூடத் தேறவில்லை. பலர் பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்காரர்கள். சிலர் லவுடன்தான், ஆனால் வேறு தொகுதி. ஏழெட்டுப் பேர் கிரீன் கார்டில் இருப்பவர்கள். ஒரு பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு பெயர்கள், இரண்டும் ஒரே கையெழுத்து. கணவர், மனைவிக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். “அவ குழந்தைக்கு ஊட்டிட்டு இருக்கா, நானே போட்டுடறேன்” என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தடுத்திருக்க வேண்டும்.

ஏன் தடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொருவரும் தாளைச் சுற்றுக்கு எடுத்துப் போனவரின் கண்முன்னால், தானே கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் நடந்தது என்று அவர் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுக்கிறார். மேஜையில் தாளை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டு வந்தவர் அந்தச் சத்தியத்தை எப்படிச் செய்வார்? எதிராளி தரப்பு இந்தத் தாள்களை ஒவ்வொரு வரியாகப் பார்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முகவரியும் ஏமாற்றும். லவுடனுக்குள் இருக்கும் சவுத் ரைடிங்கில் வசிப்பவர்களுக்குத் தபால் முகவரி ஷான்டிலி. ஷான்டிலி என்ற ஊரோ ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. ஆகவே ‘ஷான்டிலி’ என்று எழுதியவர் உங்கள் வாக்காளராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஊர்ப் பெயரை நம்பாமல் பட்டியலைப் பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்குவதுதான் சரியான வழி. 200 வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த 200 வீட்டு வாசல்தான் உங்கள் பிரசாரத்தின் தொடக்கமும்.

கவுண்டியால் முடியாததை வாக்குறுதி கொடுப்பது

புதிதாக நிற்பவர்கள் துண்டறிக்கையில் முதல் வரியாக “சாலைகளைச் சீர்செய்வேன்” என்று போடுகிறார்கள். வர்ஜீனியாவில் ஆர்லிங்டன், ஹென்ரைகோ என்ற இரண்டு கவுண்டிகளைத் தவிர, கவுண்டிச் சாலைகளைப் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. 1932இல் வந்த சட்டத்தால் ஏற்பட்ட ஏற்பாடு இது. பள்ளம் விழுந்தாலும் பனி அள்ள வண்டி வராவிட்டாலும் ஃபோன் போக வேண்டிய இடம் அந்தத் துறைதான். இருபது வருடமாக அங்கே இருப்பவருக்கு இது தெரியும். அவர் வீட்டு வாசலில் நின்று சாலை போடுவதாகச் சொன்னால், இந்த ஆளுக்குக் கவுண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிடுவார்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். பாடத்திட்டம், ஆசிரியர், பள்ளி எல்லை இதெல்லாம் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியத்தின் வேலை. ஆனால் அந்த வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது, கவுண்டி மன்றம் ஒதுக்கும் பணத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. “பள்ளிக்குப் போதுமான நிதி ஒதுக்க வாக்களிப்பேன்” என்று சொல்லலாம். “நாலாம் வகுப்புக் கணக்கை மாற்றுவேன்” என்று சொல்லக் கூடாது. பொதுவாகவே வர்ஜீனியாவில் மாநிலச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் வருவதும் மட்டும்தான் கவுண்டிக்கு உண்டு. டில்லன் விதி என்பார்கள். நிற்பவர் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கவுண்டியின் கையில் என்னதான் இருக்கிறது? நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற முடிவு. வீட்டு வரி, கார் வரி. தீயணைப்பு, நூலகம், பூங்கா. லவுடனில் இப்போது முதல் கேள்வியே டேட்டா சென்டர்தான், அதாவது இணையத்துக்கான கணினிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்கள். அவற்றிலிருந்து வரும் வரியால் கவுண்டியின் கஜானா நிறைகிறது. அவற்றின் இரைச்சலையும் உயர் அழுத்த மின்கம்பங்களையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2025 மார்ச்சில் மன்றம் விதியை மாற்றியது. புது டேட்டா சென்டர் எதுவும் இனி தானாக அனுமதி பெற முடியாது, பொது விசாரணைக்குப் பிறகு மன்றத்தின் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். அதாவது நீங்கள் ஜெயித்தால் உங்கள் கை உயர வேண்டிய இடம் இது. ஒரு வீட்டில் ஓர் அம்மா கதவைத் திறந்து, “நில்லுங்க, கேளுங்க” என்று மட்டும் சொன்னார். நின்றோம். ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு ரீங்காரம் தெரு முழுக்க. “இருபத்துநாலு மணி நேரமும் இதுதான். நீங்க எந்தப் பக்கம்?” என்றார். எங்கள் வேட்பாளரிடம் பதில் இல்லை. நல்லாட்சி பற்றி ஏதோ சொன்னார். அந்தக் கதவு மெதுவாக மூடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பணம்: யாரிடம் வாங்கக் கூடாது

நம்மவர்கள் பெரிய சிக்கலில் மாட்டக்கூடிய இடம் இதுதான், தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது. இது மத்தியச் சட்டம், கவுண்டி தேர்தலுக்கும் பொருந்தும். எச்1பி விசாவில் இருக்கும் நண்பர் ஐம்பது டாலர் அனுப்பினால் அது சட்டமீறல். சென்னையிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் அப்பா ஆசையாக நூறு டாலரைக் கையில் திணித்தாலும் அப்படியே. காசாகக் கொடுக்காமல் கூட்டத்துக்கு நாலு தட்டு பிரியாணி தன் செலவில் வாங்கித் தருவதும் நன்கொடையாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவர்கள் செய்யக்கூடியது, சம்பளம் வாங்காமல் வாலண்டியராக உழைப்பது. கதவு தட்டலாம், ஃபோன் பேசலாம். எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர்கள் உட்காரக் கூடாது.

ஆகவே வாட்ஸ்அப் குழுவில் “ஆளுக்கு 50 அனுப்புங்க” என்று பொதுவாகப் போட்டு, வேட்பாளரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்குவது இரண்டு விதத்திலும் தவறு. முதல் டாலர் வருவதற்கு முன்பே ஒரு பொருளாளரை வைத்து, பிரசாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். வாங்கத் தொடங்கிய 10 நாளுக்குள் பிரசாரக் குழுவைப் பதிவு செய்ய வேண்டும். மொத்தம் 100 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் அறிக்கையில் வரும். பொருளாளராக மச்சானைப் போடுவதைவிட, ஒவ்வொரு ரசீதையும் கேட்டு வாங்கும் கறாரான ஒருவரைப் போடுவது உங்களைக் காப்பாற்றும்.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நன்கொடை கொடுக்கலாம், வாக்களிக்க முடியாது. யாராவது உற்சாகத்தில் “நீங்களும் வாக்காளராப் பதிவு பண்ணிடுங்க” என்று படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். நாளை குடியுரிமை கிடைப்பதற்கே அது ஆபத்தாகும்.

சங்கமும் கோயிலும்

தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் பெரும்பாலும் வரிவிலக்கு பெற்ற அறநிறுவனங்கள். அப்படிப்பட்ட அமைப்பு ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது என்று 1954 முதல் வரிச் சட்டத்தில் இருக்கிறது. சங்கத் தலைவர் தன் வீட்டில், தன் பெயரில், உங்களுக்காகக் கூட்டம் போடலாம். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து அந்த அழைப்பு போனால்தான் வம்பு. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாதிரி அழைத்துப் பேசவைப்பதில் தவறில்லை, அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

இன்னொன்று, மனசு கொஞ்சம் வலித்தாலும் சொல்லியாக வேண்டும். மேடை, மாலை, பொன்னாடை, அப்புறம் குழுப்படம் என்று நமக்குப் பழகிய தேர்தல் வேறு. லவுடனின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 4,20,959. எட்டுத் தொகுதியாகப் பிரித்தால் தொகுதிக்கு 52,000 பேருக்கு மேல். அந்த அரங்கத்தில் கைதட்டிய இருநூறு பேரில் உங்கள் தொகுதி வாக்காளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு மாலை நேரத்தை எங்கே செலவழிப்பது என்று தெரிந்துவிடும்.

அரசு வேலையில் இருப்பவர்கள்

வாஷிங்டனுக்குப் பக்கம் என்பதால் இது இங்கே அடிக்கடி எழும் கேள்வி. மத்திய அரசு ஊழியர் கட்சி வேட்பாளராக நிற்கக் கூடாது, ஹாட்ச் சட்டம் தடுக்கிறது. ஆனால் லவுடன், ஃபேர்ஃபாக்ஸ் போன்ற சில பகுதிகளுக்கு விதிவிலக்கு உண்டு, அங்கே உள்ளூர்ப் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கலாம். அறிவிப்பதற்கு முன்பே அலுவலகத்தின் நெறிமுறை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தபால் பெட்டி, பலகை, தாள்

கதவு திறக்காவிட்டால் துண்டறிக்கையைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிடும் வழக்கத்தை வாலண்டியர்கள் விடவே மாட்டார்கள். தபால்தலை ஒட்டாத எதையும் அந்தப் பெட்டியில் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். கதவுக் கைப்பிடியில் மாட்டுங்கள். சாலையோரப் பொது நிலத்தில் பலகை நடக் கூடாது, கேட்டு வாங்கிய வீட்டுப் புல்வெளியில் நடுங்கள். அச்சிட்ட எதிலும் யார் பணத்தில் அச்சடித்தது என்ற வரி இருக்க வேண்டும். வாக்குச்சாவடி வாசலிலிருந்து 40 அடிக்குள் பிரசாரம் கூடாது. மாதிரி வாக்குச்சீட்டு அச்சடித்தால் வெள்ளையிலும் மஞ்சளிலும் அடிக்கக் கூடாது. எங்கள் அச்சகக்காரர் மங்கலகரமாக மஞ்சளில் அடித்துத் தந்தார், ஆயிரம் தாளையும் குப்பையில் போட்டோம்.

தேர்தல் ஒரு நாள் இல்லை

வர்ஜீனியாவில் 45 நாளுக்கு முன்பே நேரில் போய் வாக்களிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 2027இல் அது செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். கடைசி வாரத்தில் எல்லா வீட்டுக்கும் அஞ்சல் அனுப்பலாம் என்று பணத்தைப் பத்திரமாக வைத்திருந்தால், அந்த அஞ்சலைப் பிரிக்கும் பலர் ஏற்கெனவே வாக்களித்திருப்பார்கள். ஜனாதிபதி தேர்தல் இல்லாத ஆண்டில் வாக்களிக்க வருபவர்களும் குறைவு. யார் எந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்பது வாக்காளர் விவரங்களில் இருக்கும், யாருக்கு என்பது இருக்காது. 2019லும் 2023லும் வந்தவர்களின் வீட்டை முதலில் தட்டுங்கள்.

தட்டிவிட்டு வந்ததும், காரில் ஏறும் முன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வீடு, என்ன கேட்டார், நாயின் பெயர் தெரிந்தால் அதுவும். இரண்டாவது முறை நான் வேலை செய்த வேட்பாளர் இதை ஒரு சின்னச் சுருள் நோட்டில் தானே எழுதினார். அந்த ரீங்காரம் கேட்ட தெருவுக்கு ஆகஸ்டில் அவரோடு போனேன். அதே அம்மாதான் திறந்தார். இரைச்சல் அளவு பற்றிய கவுண்டி விதியை அச்செடுத்துப் பென்சிலால் கோடிட்டுக் கொண்டுபோயிருந்தோம். வாசல் படியிலேயே உட்கார்ந்து முழுக்கப் படித்தார், இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். கிளம்பும்போது, “அந்தப் பலகை ஒண்ணு இருந்தா குடுங்க” என்றார்.