திரும்பும் பயணத்தில் கூரைச் சுமையை உள்ளே இறக்குங்கள்

ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் (ஆள் நடமாட்டம் குறைந்த உட்பகுதியில்) விடுமுறை முடிந்து வீடு திரும்பும்போது, காரின் கூரை மேல் கட்டியிருக்கும் கூடாரம், மடக்கு நாற்காலி, படுக்கைகளை உள்ளே இறக்கி வையுங்கள்; பெட்ரோல் மிச்சமாகும். போகும்போது உணவுப் பெட்டிகள் அடைத்துக்கொண்ட இடம் இப்போது காலி. பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் இன்னும் இடம் கிடைக்கும். ரூஃப் ராக் (கூரை மேல் சாமான் கட்டும் சட்டம்) கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் கூடுகிறது: 110 கி.மீ. வேகத்திலிருந்து 130-க்குப் போனால் ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். கூரைச் சுமை காற்றை மறிக்கும் பரப்பையும் கூட்டுகிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து போர்ட் அகஸ்டா வரை, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 1,200 கி.மீ.; நகரத்தைவிட விலை கூடிய ரோடுஹவுஸ் (நெடுஞ்சாலையோர பங்க்) பெட்ரோலைத்தான் வழியெல்லாம் நிரப்ப வேண்டியிருக்கும்.

பெட்ரோல் கேனை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள், ஆவி ஆபத்தானது. முதல் நிறுத்தத்திலேயே டேங்கில் ஊற்றிவிடுங்கள். பின்னால் தடுப்புக் கம்பிவலை இல்லாவிட்டால் இருக்கையின் முதுகு உயரத்துக்கு மேல் எதையும் அடுக்கக் கூடாது; கங்காரு குறுக்கே வந்து சடாரென்று பிரேக் போட்டால் அத்தனையும் தலைமேல் பறந்து வரும். இடம் வேண்டுமென்று குடிநீரைக் குறைக்கவே வேண்டாம்.

காருக்குப் பின்னால் கேரவன் (வீட்டு வண்டி) இழுப்பவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. 60, 70-ல் மட்டுமே ஓட்டக்கூடிய மண்சாலையிலும் அப்படித்தான்.